கையில் கொடுக்கக் கூடாத பந்து

விசில் ஊதிய பிறகு பந்து யாருக்குச் சொந்தம்? பதினொரு வயதில் என்னைப் பிடித்து ஆட்டிய கேள்வி இது. மற்றப் பிள்ளைகள் பந்தை எப்படிப் பிடிப்பது என்று யோசித்தபோது, பிடித்த பிறகு அதை என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியே வளர்ந்தும் விட்டேன். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் தரிப்பு வரை போய், பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள்தான் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு அங்கே கற்றதில் மிச்சம் நிற்பது அந்தப் பந்து ஒன்றுதான்.

பந்து என்றால் காலால் உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை. இரண்டு முனையும் கூரான, கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற பந்து. எங்கள் பெண்பிள்ளைகள் ஆட்டத்தில் ஆளைப் பிடித்து விழுத்துவது கிடையாது. இடுப்புப் பட்டியில் இரண்டு ரிப்பன் தொங்கும். பந்தோடு ஓடுகிறவளின் ரிப்பனை மற்ற அணிக்காரி இழுத்தெடுத்துவிட்டால் விசில் ஊதும், அந்த ஓட்டம் முடிந்தது. அடுத்த ஓட்டம் தொடங்குவதற்கு முன்பு பந்து நடுவரிடம் போகவேண்டும். அவர் அதை உரிய இடத்தில் வைப்பார்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. நாங்கள் பிரெஞ்சு பேசுகிற நகரமொன்றில், அஹுன்ட்சிக் என்ற பகுதியில், இரண்டு தட்டு வீடொன்றில் இருந்தோம். கீழ்வீட்டில் அப்பா, அம்மா, நான். மேல்வீட்டில் மாமாவும் மாமியும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அந்த வீட்டுச் செல்லம் முழுவதும் எனக்கே வந்தது. இரண்டு வீட்டையும் இணைக்க உள்ளே ஒரு மரப்படிக்கட்டு இருந்தது. அதில் மேலும் கீழும் ஓடுவதுதான் என்னுடைய முதல் விளையாட்டு.

மாமா பூங்காக்களில் புல் வெட்டி, மைதானத்தில் வெள்ளைக்கோடு போடுகிற வேலை செய்தார். ஒருநாள் ஆட்டத்தில் தூரம் அளக்கிற சங்கிலியைக் கோட்டருகில் பிடிக்க ஆள் இல்லையென்று அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு நின்றவருக்கு விளையாட்டும் பிடித்துப்போயிற்று. பிறகு பயிற்சிக்குப் போய், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் விசிலும் மஞ்சள் துணியுமாக நடுவராகிவிட்டார். யாராவது பிழை விட்டால் அந்த மஞ்சள் துணியை நிலத்தில் எறியவேண்டும். கொஞ்ச நாள் அதை எங்கள் குசினியிலும் எறிந்து பார்த்தார். அப்பா இன்னொரு வடைக்குக் கை நீட்டியபோது ஒரு தடவை விழுந்தது.

"தம்பி, உன்ரை ஊத்தைத் துணியைச் சாப்பாட்டு மேசையிலை எறிஞ்சா நான் உன்னை எறிவன்" என்றார் அம்மா. அதோடு அது நின்றது.

நான் பள்ளி அணியில் சேர்ந்ததும் மாமா ஜான்-டலோன் சந்தையில் வாங்கி வந்த பப்பாசிப் பழத்தை என் கையில் தந்து, எங்கள் வீட்டு நடையில் என்னை ஓடவிட்டார். மற்ற முனையில் அவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பார்.

"எறியாதை. உருட்டாதை. காலாலை தட்டாதை. கிட்ட நிக்கிற றெஃபறியின்ரை கையிலை குடு. குடுத்திட்டுத் திரும்பிப் போ."

"ஏன் மாமா கையிலை?"

"விசில் ஊதினாப் பிறகு பந்து ஒருத்தருக்கும் சொந்தமில்லைப் பிள்ளை. உன்ரையுமில்லை, மற்றப் பக்கத்தின்ரையுமில்லை. அதுதான் நடுவிலை நிக்கிறவனிட்டைக் குடுக்கிறது."

"அப்ப றெஃபறியின்ரையோ?"

"அவன்ரையுமில்லை. அவன் வைச்சிருந்திட்டுத் திருப்பித் தருவான்."

யாருக்குமே சொந்தமில்லாத ஒன்றுக்காக இத்தனை பேர் ஏன் அடிபடுகிறார்கள் என்று கேட்டேன். மாமா பதில் சொல்வதற்கிடையில் அம்மா வந்து, நசிந்துபோன பப்பாசியைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்.

இதே வீட்டில் வேறொரு சட்டமும் இருந்தது. அது அம்மாவின் சட்டம். உப்பு, மிளகாய்த்தூள், கத்தி, இந்த மூன்றையும் கையிலிருந்து கைக்குக் கொடுக்கக் கூடாது. கீழே வைக்கவேண்டும், மற்றவர் எடுக்கவேண்டும். கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். மாமியும் அதே சட்டத்தில் வளர்ந்தவர். உப்புக் கேட்டு மேலே போனால் போத்தலை மேல்படியில் வைத்துவிட்டு விலகி நிற்பார். நான் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் வைப்பேன். அம்மா எடுப்பார். ஒரு பிசகும் இல்லாமல் நடந்துவந்த காரியம்.

அந்தப் புரட்டாதியில் ஒரு சனிக்கிழமை, அப்பாவோடு வேலை செய்யும் ஒருவருடைய மகளுக்குச் சாமத்தியவீடு. பெரிய மண்டபம் எடுத்துச் செய்தார்கள். வயதுக்கு வந்த பிள்ளையை மணப்பெண் மாதிரிச் சோடித்து மேடையில் நிறுத்தி, பெண்கள் இரண்டிரண்டு பேராகப் போய் ஆலாத்தி எடுப்பார்கள். ஒரு தட்டு, அதில் வாழைப்பழத் துண்டுகளில் குத்திய திரிகள், சின்னச் சின்னச் சுவாலை. தட்டுகளைக் கொடுத்து ஆட்களை மேடைக்கு அனுப்புகிற பொறுப்பை அம்மாவிடம் விட்டிருந்தார்கள். மாமி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு படி ஏறப் போனார். அம்மா குறுக்கே போய், "பாரமாயிருக்கும், இஞ்சை தாங்கோ மச்சாள்" என்று அதை வாங்கி, பின்னால் நின்ற வேறொரு பெண்ணிடம் கொடுத்தார். இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஏனென்றால் நான் பக்கத்தில் ஐஸ்கிறீம் கோப்பையோடு நின்று, எங்கள் அம்மா எவ்வளவு நல்லவர், மாமிக்குக் கை நோகக்கூடாது என்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. மீன்குழம்பு கொதிக்கும்போது உப்பு முடிந்துவிட்டது. ஓடினேன். மாமி கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. போத்தலைப் படியில் வைக்கவும் இல்லை. கையை நீட்டி அப்படியே என் கையில் தந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. திருப்பிக் கொடுப்பதா, கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுப்பதா? அதற்குள் "குழம்பு அடிப்பிடிக்குது, கெதியா வா!" என்று அம்மா கத்தினார். ஓடிவந்தேன். அம்மா என்னைப் பாராமலே கையை நீட்டினார். நானும் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சு நின்றுபோயிற்று.

சட்டம் இவ்வளவு கெதியாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் போன சண்டை என் கை வழியாகத்தான் போயிருக்கிறது. இதை யாரிடம் சொல்ல முடியும்? நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் இரண்டு வீட்டுக்கும் பொது. "மேலை போய்ச் சொல்லு, மெஷின் வெறுமையாக் கிடக்கெண்டு" என்பார் அம்மா. "கீழை சொல்லு, நான் பேந்து போடுறன் எண்டு" என்பார் மாமி. இருவரும் ஒரே படிக்கட்டின் இரண்டு முனையில் நின்றுதான் சொல்வார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் நான் ஏறி இறங்கவேண்டும்.

பிறகு ஒருநாள் மேல்வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றபோது கேட்டது.

"லாசாலிலை அக்காவின்ரை கட்டடத்திலை வீடு ஒண்டு வெறுமையாகுதாம். நான் ஓமெண்டு சொல்லப்போறன்."

"கொஞ்சம் பொறுமன்" என்றார் மாமா.

"எவ்வளவு காலம் பொறுக்கிறது? நீங்கள் வேணுமெண்டால் இஞ்சை இருங்கோ."

லாசாலுக்கு மெட்ரோவும் பஸ்ஸுமாகப் போகலாம் என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு லாசால் எனக்கு வேறொரு நாடு. எங்கள் ஆட்கள் நாடு மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. நத்தாருக்கும் வருசப் பிறப்புக்கும் தொலைபேசியில் குரல் மட்டும் வரும். மாமா குரலாகப் போய்விடுவார். அதுவும் ஒரு போத்தல் உப்பால்.

இந்த நிலையில்தான் அந்த ஆட்டம் வந்தது. மைதானத்துக்குப் போனால், வரவேண்டிய நடுவர்களில் ஒருவர் வரவில்லை. வேறு ஆட்டம் முடித்துவிட்டு நின்ற மாமாவைப் பிடித்துப் போட்டார்கள். தன் மருமகள் இந்த அணியில் இருக்கிறாள் என்று மாமா இரண்டு பயிற்சியாளர்களிடமும் சொன்னார். மற்ற அணியின் பயிற்சியாளர் சிரித்து, பரவாயில்லை என்று தோளில் தட்டினார். மாமா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து குனிந்து, "இண்டைக்கு நான் மாமா இல்லை. விளங்குதே?" என்றார்.

அவர் சொன்னது வேறு அர்த்தத்தில். எனக்கோ லாசால்தான் கேட்டது.

முதல் பாதியில் ஒரு பந்து நேராக என் நெஞ்சுக்கு வந்தது. பிடித்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினேன். யாரோ ரிப்பனை இழுத்தாள். விசில். நிமிர்ந்து பார்த்தால் எனக்கு எதிரே மாமா, நடையில் நின்ற அதே மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

பந்தைப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு முன்பு இதற்காக என்னை ஒருத்தி முழங்கையால் இடித்தாள். எங்கள் ஆள் ஒருத்தி யாரையோ பிரெஞ்சில் திட்டினாள். கோட்டுக்கு வெளியே பெரியவர்களெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள். உப்புக்காக யாரும் இப்படி அடிபட்டு நான் பார்த்ததில்லை. உப்புக்கே அந்த வலிமை என்றால் இதற்கு எவ்வளவு இருக்கும்? என் கையிலிருந்து மாமாவின் கைக்கு இது போனால் அடுத்த சண்டை எனக்கும் மாமாவுக்கும்தான். மாமி ஒருவர்தான் கோபத்தில் லாசாலுக்குப் போகப் பார்க்கிறார். மாமாவும் கோபித்தால் பிறகு யார் மறிப்பது?

பந்தை அவருடைய சப்பாத்துக்கு முன்னால் மெதுவாக வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். குனிந்து எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாவது தடவையும் அப்படியே செய்தேன். மாமா விசிலை வாயில் வைத்து ஊதி, எங்கள் பயிற்சியாளரையும் கூப்பிட்டு, யாரோ அந்நியப் பிள்ளையிடம் பேசுவது போலப் பிரெஞ்சில் சொன்னார்: பந்தைக் கையில் தரவேண்டும், மத்மோசெல். இது எச்சரிக்கை. அடுத்தது தண்டனை.

நிலத்தில் வைப்பதைப் பெரிய பிழையாக எடுக்காத இடங்களும் உண்டு என்று பிற்காலத்தில் அறிந்தேன். எங்கள் சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் கையில்தான் என்பது கண்டிப்பு. மாமாவுக்கு அது இரட்டைக் கண்டிப்பு. வேறு யாராவது வைத்திருந்தால் இன்னொரு தடவை பார்த்தும் பாராமல் விட்டிருப்பாரோ என்னவோ. மருமகளை விடமுடியாது.

கடைசி நிமிடங்களில் நாங்கள் சில புள்ளிகள் பின்னால். பந்தோடு தாண்டினால் புள்ளி தருகிற எல்லைக்கோடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. பந்து எனக்கு வந்தது. ஓடினேன், ஓடினேன், கோட்டுக்குக் கொஞ்சம் இப்பால் ரிப்பன் போயிற்று. மிச்சமிருந்த ஒரே ஓட்டத்தில் எட்டிப்பிடித்துவிடலாம். எதிரே திரும்பவும் அந்த இரண்டு கைகள்.

"கொடு! கொடு!" என்று பயிற்சியாளர் பிரெஞ்சில் கத்தினார். எங்கள் பிள்ளைகளும் கத்தினார்கள்.  மாமா கைகளை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அவருடைய விரல் நுனி என் சட்டையில் படும் போல இருந்தது. இன்றைக்கு நான் மாமா இல்லை என்று சொன்ன ஆள், அந்தக் கையை நீட்டியதில் மாமாவாகத்தான் இருந்தார். அதனால்தான் என்னால் கொடுக்க முடியவில்லை.

குனிந்து வைத்தேன்.

மஞ்சள் துணி புல்லில் விழுந்தது. எங்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். அவ்வளவு தூரத்தை ஒரு ஓட்டத்தில் எட்ட முடியாது, எட்டவும் இல்லை. தோற்றோம். "ஏன், பந்து கையைச் சுட்டதா?" என்று கேட்டாள் எங்கள் அணித்தலைவி. பிறகு ஒரு வாரம் அவர்கள் என்னைக் கண்டால் எதையும் நிலத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள், பேனையைக் கூட.

காரில் மாமா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். காரை எடுக்கவில்லை.

"என்ன பிள்ளை, என்ரை கையிலை என்ன மயிர்க்கொட்டியே ஊருது?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். அழுகைக்கு நடுவே எல்லாம் வந்தது. உப்பு, மாமி கையில் தந்தது, நான் கையில் கொடுத்தது, திங்கட்கிழமை, லாசால்.

மாமா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உப்பு எண்டைக்கு வாங்கினனீ?"

"சாமத்தியவீட்டுக்கு அடுத்த நாள்."

"ம்." கண்ணாடிக்கு வெளியே வெறும் மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"நல்லது. இப்ப சொல்லுவம்."

வீட்டுக்கு வந்ததும், சேறு ஒட்டிய சப்பாத்தோடு உள்ளே வந்து அந்த மரப்படிக்கட்டின் நடுவில் ஏறி நின்றார். என்னைத் தனக்குக் கீழ்ப்படியில் நிறுத்தினார். "அக்கா!" என்று கீழே ஒரு சத்தம். மேலே பார்த்து மாமிக்கு ஒரு சத்தம். அம்மா அகப்பையோடு கீழ்முனைக்கு வந்தார். மாமி மேல்முனையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவில் கோட்டுச்சட்டையில் மாமா.

"இவள் இண்டைக்கு மூண்டு தரம் பந்தைக் கையிலை தராமல் நிலத்திலை வைச்சவள். நான்தான் தண்டனை குடுத்தனான். இவளாலைதான் தோத்தவை. ஏன் வைச்சனீ எண்டு சொல்லு பிள்ளை."

நான் சொன்னேன். சொல்லி முடித்ததும் அகப்பையால் ஒன்று விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ஏதோ தாளிக்கிற மணம் கருகுகிற மணமாக மாறிக்கொண்டிருந்தது. அதை யாராவது கவனிக்கமாட்டார்களா என்று எனக்கு அதுவும் ஒரு கவலை.

முதலில் மாமிதான் வாய் திறந்தார். "குழந்தைப்பிள்ளையிலை என்ன பிழை. நானெல்லோ கையிலை குடுத்தனான்."

"வாங்கினது நான்தானே" என்றார் அம்மா, என்னைப் பார்த்துக்கொண்டு. "வை எண்டு நானெல்லோ சொல்லியிருக்க வேணும்." பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். "பிழை என்னிலைதான் மச்சாள்."

"சரி விடுங்கோ. உப்புத்தானே" என்றார் மாமி.

"ஓம். உப்புத்தான்" என்றார் அம்மா. அடுப்பை நிறுத்தப் போனார். போகிற போக்கில், "தேத்தண்ணி போடுறன், வாங்கோ" என்றார். மாமி படியிறங்கி, மாமாவைக் கடந்து, என் தலையில் கையை வைத்து அழுத்திவிட்டுக் கீழே போனார்.

மாமா படியிலேயே உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அன்று முழுவதும் இல்லாத சிரிப்பொன்று அவர் வாய்க்கடையில் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சின்ன நம்பிக்கை எனக்கு இருந்தது. பெரியவர்கள் கேட்டுவிட்டு, விசரி, உப்பாலே சண்டை வருமா என்று ஏசுவார்கள், அதோடு என் பாரம் இறங்கும் என்று. இவர்களோ உப்பேதான் என்று இருவரும் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். அப்படியானால் நான் பயந்ததெல்லாம் உண்மை. லாசால் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. ஆனால் பல வருடங்கள் நான் உப்புப் போத்தலைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இன்றைக்கும் என் வீட்டில் உப்பு மேசையில்தான் வைக்கப்படும், எடுக்கப்படும்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் எனக்குச் சாமத்தியவீடு செய்தார்கள். அதே மாதிரி ஒரு மண்டபம். மாலையும் சேலையுமாக மேடையில் நின்ற எனக்கு, தலையில் வைத்த பூ விழுந்துவிடுமோ என்பதே யோசனை. மாமி கடைசி வரிசைக் கதிரையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். ஏன் அங்கே போய் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆலாத்தி தொடங்குகிற நேரம் அம்மா முதல் தட்டைக் கையில் எடுத்தார். முன்வரிசையில் எழும்பத் தயாராக இருந்த பெண்களைக் கடந்தார். கதிரைகளுக்கு நடுவே, சுவாலை அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு, மண்டபத்தின் கடைசிவரை நடந்தார். மாமிக்கு முன்னால் நின்று தட்டை நீட்டினார். "நீங்கள்தான் முதல் மச்சாள்." மண்டபத்தில் சத்தம் குறைந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளை பெறாத பெண்ணின் கையால் ஆலாத்தி எடுப்பிக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் எங்கள் ஆட்களில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். இதை நான் அறிந்துகொண்டது மிகவும் பிந்தித்தான். அறிந்த அன்று நானாகவே ஒரு ஆலாத்தித் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதில் பாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அன்றைக்கு, மேடைக்கு வந்து எனக்கு முன்னால் நின்ற மாமியின் கையில் தட்டு நடுங்கியது. சுவாலையும் சேர்ந்து நடுங்கியது. அவருக்குக் கண் நிறைந்திருந்தது. பழைய சாமத்தியவீட்டில் அம்மா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது.

"பாரமெண்டால் கீழை வையுங்கோ மாமி" என்று மெதுவாகச் சொன்னேன். "பேந்து எடுக்கலாம்."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வைக்கமாட்டன் பிள்ளை" என்றார். "கொம்மா கையிலை தந்தது."

மாலையில் நெருப்புப் பிடிக்கப்போகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது.